பேரனிடம் பிடுங்கியதைத் தாத்தாவிடம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூட்டாளிகளோடு சேர்ந்து போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறான். தினம் இரண்டு மணி நேரமாவது போகும். மார்க் குறையவில்லை. ஆனாலும் நான் போனைப் பிடுங்கி வைப்பதும், அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுமாக வீட்டில் ஓயாத சண்டை. இதற்கிடையில் என் மாமனாருக்கு (வயது 67) எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை பாதித்துவிட்டது. தோளைத் தூக்குகிறார், விரல்களை மடக்குகிறார், முழுதாக விரிக்கத்தான் வரவில்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி நடக்கிறது. போன வாரம் பிசியோதெரபிஸ்ட், "டிவி முன்னால் கையை அசைத்து ஆடுகிற கேம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், கைக்கு நல்லது" என்றார். மாமனாரோ, "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு எனக்கு எதுக்கும்மா" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மகனோ, "எனக்குக் கெட்டது, தாத்தாவுக்கு மட்டும் நல்லதா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீடியோ கேமால் உடம்புக்கும் மனசுக்கும் நிஜமாகவே நன்மை உண்டா?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி, சகோதரி. அதற்குப் பதில் உங்கள் மாமனாரின் கையிலிருந்து தொடங்குகிறது. மறுவாழ்வு சிகிச்சை என் துறை என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பக்கவாதம் வரும்போது மூளையில் ஒரு பகுதி செல்கள் மடிந்துபோகின்றன. மடிந்தவை திரும்பி வராது. ஆனால் பிழைத்திருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ள முடியும். அதற்குத் தேவை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. எவ்வளவு முறை என்பதில்தான் சிக்கல். விலங்குகளிடம் செய்த சோதனைகளில், தினமும் நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டிப் பொருளை எடுக்க வைத்த பிறகே மூளையில் மாற்றம் தெரிந்தது. மனிதர்களுக்கு நடக்கும் சிகிச்சையில் என்ன நிலைமை? அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து எண்ணியே பார்த்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கையைப் பயன்படுத்தி ஒரு வேலையைச் செய்யும் அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்தன.

மீதியை நோயாளி வீட்டில் செய்ய வேண்டும். பெரும்பாலோர் செய்வதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மேசையில் இருக்கும் டம்ளரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நூறு முறை நகர்த்தச் சொன்னால், பத்தாவது முறையிலேயே யாருக்கும் வெறுத்துப்போகும். அதிலும், ஒரு வாரத்தில் கையில் வரும் முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது. செய்தோம், என்ன பலன் என்று மனது விட்டுப்போகிறது.

கேம் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். திரையில் ஒரு பழம் விழுகிறது, கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு சத்தம், ஒரு பாயிண்ட். தவறினால் அடுத்த பழம் உடனே வருகிறது. நேற்று 11 பழம் பிடித்தவர் இன்று 14 பிடித்தால், அந்த மூன்று பழ வித்தியாசம் திரையில் எழுதியே இருக்கிறது. கை கொஞ்சம் தேறியதும் கேமும் கொஞ்சம் கடினமாகிறது. அரை மணி நேரத்தில் இருநூறு முறை கையை நீட்டியிருப்பார், எண்ணியிருக்க மாட்டார்.

ஆராய்ச்சிகள் இதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017-இல் காக்ரேன் அமைப்பு, பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சையில் இத்தகைய கேம்களைப் பயன்படுத்திய 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான பயிற்சியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கேமைக் கொடுத்தபோது, கையில் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான பயிற்சியோடு கேமையும் சேர்த்துக் கொடுத்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது பலன் தெரிந்தது. ஆகவே உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னது சரி, அவரை நிறுத்திவிட்டுக் கேமை மட்டும் வைத்துக்கொண்டால் தவறு.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2016-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நின்டென்டோவின் 'வீ' கேம். மற்றக் குழுவுக்குச் சீட்டாட்டம், பிங்கோ, மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஜெங்கா, பந்து விளையாட்டு. இரண்டு வாரத்தில் ஒரு மணி நேர அமர்வுகளாகப் பத்து. இரண்டு குழுவிலும் கை தேறியது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விளையாட்டாக இருந்ததும், கை திரும்பத் திரும்ப அசைந்ததும்தான் வேலை செய்தன. திரை இருந்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எனவே பல ஆயிரம் கொடுத்து உடனே எதையும் வாங்க வேண்டாம். வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள். குழியிலிருந்து முத்துகளை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவது, உங்கள் மாமனாருக்கு இப்போது வராத அதே விரல் வேலைதான். முதலில் சோழி, பிறகு புளியங்கொட்டை என்று சிறிதாக்கிக்கொண்டே போகலாம். என் நோயாளிகளுக்கு நான் கேமும் கொடுக்கிறேன், பல்லாங்குழியும் கொடுக்கிறேன். யார் எதில் ஒட்டிக்கொள்கிறார்களோ அதுவே அவர்களுக்கு மருந்து.

கேமை வாங்குவதாக முடிவு செய்தால், ஆடும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். முழங்கையை நீட்ட வராதவர், பழத்தைப் பிடிப்பதற்காக உடம்பையே முன்னால் சாய்த்துவிடுவார். தோளைக் காதுவரை தூக்குவார். திரையில் பாயிண்ட் ஏறிக்கொண்டே போகும், கைக்குப் பயிற்சியே கிடைத்திருக்காது. தவறான அசைவுதான் பழகிப்போகும். கைப்பிடி உள்ள நாற்காலியில், முதுகு சாய்மானத்தை விட்டு விலகாமல் உட்கார்ந்து ஆட வேண்டும். சிலர் தெரியாமலேயே நல்ல கையை உதவிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தோளில் வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வலிப்பு வந்திருந்தால், பளிச் பளிச்சென்று வெளிச்சம் மின்னும் கேம்களுக்கு முன் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். முதல் சில மாதங்களில் இருந்த வேகம் இப்போது இருக்காது, ஆனால் கதவு மூடிவிடவில்லை.

இந்தக் காவல் வேலைக்கு உங்கள் வீட்டில் ஏற்கனவே ஆள் இருக்கிறான். முதுகு சாய்ந்திருக்கிறதா, முழங்கை நீள்கிறதா, இடது கை திருட்டுத்தனமாக வருகிறதா என்று பார்க்க, பத்தாம் வகுப்புப் பையனைவிடக் கூர்மையான கண் கிடைக்காது.

கூர்மையான கண் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2003-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீன், டாஃப்னி பாவெலியர் என்ற இருவர் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேம் ஆடிப் பழக்கமே இல்லாதவர்களை எடுத்து, பத்து நாள், தினம் ஒரு மணி நேரம் ஆட வைத்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட துப்பாக்கிச் சண்டை கேம், இன்னொரு குழுவுக்கு டெட்ரிஸ். பிறகு சோதித்தபோது, கண் முன் சிதறிக் கிடக்கும் பலவற்றில் தேவையானதைச் சட்டென்று பிரித்துப் பார்க்கும் திறன் துப்பாக்கிச் சண்டை ஆடியவர்களுக்கே அதிகம் கூடியிருந்தது. 2009-இல் பாவெலியரும் சக ஆய்வாளர்களும் மங்கலான சாம்பல் நிற வேறுபாடுகளைப் பிரித்தறியும் பார்வைத் திறனும் இதே வகை கேம்களால் கூடுவதைக் காட்டினார்கள். தாய்மார்கள் அதிகம் பயப்படும் அந்த வகை கேம்தான் பார்வைக் கவனத்தை அதிகம் தீட்டுகிறது.

இதை உங்கள் மகனிடம் காட்டினால் அவன் குதிப்பான். அதனால் அடுத்ததையும் சேர்த்தே காட்டுங்கள். இங்கே சொல்லப்படும் கவனம், மின்னி மறையும் ஒன்றை விரட்டிப் பிடிக்கும் கவனம். கணக்குப் புத்தகத்தோடு ஒரு மணி நேரம் உட்காரும் கவனம் வேறு. முதலாவது வளர்ந்தால் இரண்டாவதும் தானாக வளரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 'மூளைப் பயிற்சி' என்று விளம்பரப்படுத்தும் கேம்களிலும் இதே கதைதான். லுமோசிட்டி என்ற பிரபல செயலி, படிப்பும் வேலைத்திறனும் உயரும், முதுமை மறதி தள்ளிப்போகும் என்றெல்லாம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு கேம், தான் பழக்கும் திறனைத்தான் வளர்க்கும். அதற்கு மேல் யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

கண் கெட்டுப்போகுமே என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம், அதற்கும் இதோடு பதில் சொல்லிவிடுகிறேன். கிட்டப்பார்வைக் கோளாறு கூடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம் குறைந்துபோனது. தினம் சுமார் இரண்டு மணி நேரம் வெளியில் இருந்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. வீட்டுக்குள் கேம் ஆடினாலும், டியூஷனில் குனிந்து உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்கு நஷ்டம் ஒன்றுதான்.

உடற்பயிற்சி என்ற வகையில், உட்கார்ந்தபடி போனில் ஆடும் கேமால் ஒரு பலனும் இல்லை. ஆட்களை எழுப்பி நடக்க வைக்கும் கேம்கள் உண்டு. 2016-இல் போக்கிமான் கோ வந்தபோது, அதை ஆடியவர்கள் முதல் வாரத்தில் தினமும் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள். ஓட்டத்துக்கும் கபடிக்கும் மாற்றாக எந்த கேமையும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இனி மனது. இதில் நீண்ட நாளாக ஒரு முட்டுச்சந்து இருந்தது. நிறைய கேம் ஆடுகிற பிள்ளை சோர்ந்திருந்தால், ஆடியதால் சோர்ந்ததா, சோர்ந்ததால் ஆடுகிறதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஜப்பானில் அதற்கு ஒரு வழி தானாக அமைந்தது. கொரோனா காலத்தில் நின்டென்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 இரண்டுக்கும் கடும் தட்டுப்பாடு. கடைகள் குலுக்கல் நடத்தி விற்றன. யாருக்குக் கேம் கருவி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அதிர்ஷ்டம் தீர்மானித்தது. மருந்து ஆய்வில் செய்வது போலவே இரண்டு குழு உருவாகிவிட்டது. 2020 முதல் 2022 வரை 97,602 பேரிடம் எடுத்த தகவல்களை அலசி, 2024-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். குலுக்கலில் வென்று ஆடியவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. தினம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியபோது அந்தப் பலன் தேய்ந்தது. ஊரே முடங்கிக் கிடந்த காலம் அது, தனிக் கருவியில் ஆடும் கேம்கள் அவை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அப்படியே நம் ஊர்ப் பையனின் போனுக்கு மாற்றிப் பொருத்த முடியாது. ஆனாலும் கேம் என்றாலே மனதைக் கெடுக்கும் என்ற பேச்சு இனி எடுபடாது.

சிகிச்சைக்கென்றே செய்த கேம்கள் வேறு. நியூசிலாந்தில் மனச்சோர்வு உள்ள இளைஞர்களுக்காக ஸ்பார்க்ஸ் என்ற கேமை உருவாக்கி, 187 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான ஆலோசனை சிகிச்சைக்கு அது குறைந்ததாக இல்லை என்று 2012-இல் பிஎம்ஜே இதழில் முடிவு வந்தது. சியாட்டிலில் தீக்காய நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும்போது, பனி உலகத்தில் பனிக்கட்டி உருண்டைகளை எறியும் மெய்நிகர் கேம் ஒன்றைக் கொடுத்தார்கள். கவனம் அங்கே போனதும் அவர்கள் உணர்ந்த வலி குறைந்தது. தீக்காயக் கட்டு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கவனக்குறைபாடு உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக, டாக்டர் சீட்டில் எழுதித் தரும் கேம் ஒன்றை அமெரிக்க மருந்துத் துறை 2020-இல் அனுமதித்தது.

உங்கள் மகனுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் கிடைப்பது இவ்வளவு பெரிய சிகிச்சை ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டாளிகள் நாலு பேர் கூடும் இடம் அது. யார் முன்னால் போவது, விழுந்தவனை யார் தூக்கிவிடுவது என்று பேசிப் பேசி ஆடுகிறார்கள். தெருவில் விளையாட இடமில்லாமல் செய்துவிட்டு, அவர்கள் கூடும் ஒரே இடத்தையும் பிடுங்கினால் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்வான். மார்க் குறையவில்லை என்கிறீர்கள். இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் எனக்குப் பதற்றம் இல்லை. அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். தூக்கத்திலிருந்து என்றால் விடக்கூடாது. அவன் வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். இரவில் போன் ஹாலில் தூங்கட்டும், உங்கள் போனும் கூடத்தான். மைதானத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்றால் அரை மணி நேரத்தை அங்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மேட்ச் நடுவில் மட்டும் போனைப் பிடுங்காதீர்கள். அந்த கேம்களில் பாதியில் ஒருவன் விலகினால் மொத்த அணிக்கும் நஷ்டம். "இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று கேட்காமல், "இன்னும் எத்தனை மேட்ச்?" என்று கேளுங்கள். "இதுதான் கடைசி" என்று அவன் வாயாலேயே வந்த பிறகு, அந்த மேட்ச் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை பாதியாகக் குறையும். காதில் மாட்டியிருப்பதில் அறிமுகமில்லாதவர்கள் பேசுகிறார்களா, என்ன பேசுகிறார்கள் என்பதையும் அவ்வப்போது கவனியுங்கள். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறாக்களை இந்தப் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். அவை சூதாட்டம். தமிழ்நாடு அரசு 2022-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்தது.

கேம் நோயாக மாறுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் பின்னுக்குப் போவது, பாதிப்பு கண்ணெதிரே தெரிந்தும் ஆட்டம் தொடர்வது, இவை சுமார் ஒரு வருடம் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது நோய். நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அப்படி எப்போதாவது தோன்றினால், பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. உடனே பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

எனக்கு உங்கள் மகனைவிட மாமனாரைப் பற்றித்தான் கவலை. திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வீட்டில் அதைப் பிடிவாதம் என்றும் சோம்பல் என்றும் நினைத்துவிடுகிறார்கள். சாப்பாடு குறைந்திருக்கிறதா, விடியற்காலையிலேயே விழித்துக்கொள்கிறாரா, முன்பு ரசித்த பேப்பர், பாட்டு, டீக்கடைப் பேச்சு எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால் அடுத்த முறை டாக்டரிடம் கையைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது. மனது தேறாமல் கை தேறாது.

"கைக்கு நல்லது, ஆடுங்கள்" என்று அவரிடம் சொல்ல வேண்டாம். அது அவருக்கு இன்னொரு மருந்துச் சீட்டாகத்தான் தெரியும். பேரனை விட்டு, "தாத்தா, எனக்கு ஜோடி ஆள் இல்ல, ஒரு ஆட்டம் வாங்க" என்று கூப்பிடச் சொல்லுங்கள். முதல் வாரம் தினம் பதினைந்து நிமிடம் போதும். பாயிண்டை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவது பையன் பொறுப்பு. கருவியை வாங்கும் முன், பிசியோதெரபிஸ்டின் கிளினிக்கில் இரண்டு மூன்று தடவை ஆட விட்டுப் பாருங்கள். அதுவரை பல்லாங்குழி இருக்கிறது. கேம் எவ்வளவு பிடித்துப்போனாலும் வாரம் மூன்று நாள் பிசியோதெரபியையும், அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் ரத்த அழுத்த மாத்திரை உட்பட எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள்.